அளவோடு பிழையையும் எழுதுங்கள்

திருச்சிராப்பள்ளியிலும் திருவரங்கத்திலும் நிலம் அளக்கும் இளைய நில அளவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நில அளவர்களே,

உங்களில் சிலர் பிர்கா சர்வேயர்கள். சிலர் உரிமம் பெற்ற அளவர்கள். சிலர் தனியார் நிறுவனத்தின் அளவை வண்டியில், கூரைமேல் சுழலும் லேசர் கருவிக்குக் கீழே கணினித் திரையைப் பார்த்தபடி ஊர் ஊராகப் போகிறவர்கள். நான் சங்கிலியும் கிராஸ் ஸ்டாஃபும் பிடித்துத் தொழில் கற்றவன். டோட்டல் ஸ்டேஷன் வந்த காலத்தையும் பார்த்துவிட்டு ஓய்வு பெற்றேன். இப்போது திருவரங்கத்தில் இருக்கிறேன்.

உங்களிடம் ஒரு கோரிக்கை வைக்கவே இந்த மடல். நீங்கள் எழுதித்தரும் ஒவ்வொரு அளவுக்குப் பக்கத்திலும், அது எவ்வளவு தவறியிருக்கக்கூடும் என்பதையும் எழுதுங்கள். சுவரின் இடம் இது, பிழை இத்தனை சென்டிமீட்டர். தெருவின் உயரம் இது, பிழை இத்தனை சென்டிமீட்டர். இந்த இரண்டாவது எண் இல்லாத வரைபடத்தை முழுமை பெற்றதாக நீங்கள் ஒப்புக்கொள்ளக் கூடாது. ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன்.

வண்டியில் ஊரை அளப்பது இனி எங்கோ நடக்கும் புதுமை இல்லை. 2021 பிப்ரவரியில் மத்திய அரசு வரைபடத் துறையைத் திறந்துவிட்டபோது, சாலையில் வண்டி ஓட்டி அளக்கும் வேலையை இந்திய நிறுவனங்களுக்கு மட்டும் என்று ஒதுக்கியது. 2011இல் பெங்களூரில் நிறுத்தப்பட்ட கூகுள் தெருக்காட்சி, 2022 ஜூலையில் இந்திய நிறுவனங்கள் எடுத்துக் கொடுத்த படங்களோடு சென்னை உட்படப் பத்து நகரங்களுக்குத் திரும்பியது. லேசரும் கேமராவும் நிலைமக் கருவியும் பொருத்திய வண்டிகளை 23 மாநிலங்களில் 20,933 கிலோமீட்டர் சாலையில் ஓட்டப்போவதாகத் தேசிய நெடுஞ்சாலை ஆணையம் 2025இல் அறிவித்தது. விமானத்திலிருந்து படமெடுத்து நகர நில ஆவணம் தயாரிக்கும் ‘நக்‌ஷா’ திட்டம் அதே ஆண்டு பிப்ரவரியில் 152 நகரங்களில் தொடங்கியது. சாலையின் குழியைக் கணக்கெடுக்க வருகிற அதே வகைக் கருவிதான் வீட்டு முகப்பையும் வாய்க்கால் கரையையும் அளக்க வரும்; அதை இயக்கப் போகிறவர்கள் நீங்கள்.

அந்த வண்டியின் உயிர் லேசரில் இல்லை. லேசர் சொல்வதெல்லாம் "என்னிடமிருந்து இந்தத் திசையில் இத்தனை மீட்டரில் ஒரு சுவர் இருக்கிறது" என்பதுதான். அந்த ‘என்னிடமிருந்து’ எந்த இடம், வண்டி அந்த நொடியில் எந்தப் பக்கம் பார்த்தது, எவ்வளவு சாய்ந்திருந்தது என்று தெரியாவிட்டால் லேசர் தந்த கோடிக்கணக்கான புள்ளிகளுக்கும் மதிப்பில்லை. இடத்தைச் செயற்கைக்கோள் சொல்கிறது. திசையையும் சாய்வையும், செயற்கைக்கோள் மறையும் நேரத்தில் இடத்தையும் சேர்த்துச் சொல்வது நிலைமக் கருவி. நீங்கள் ஐ.எம்.யு. என்று அழைக்கும் அந்தச் சிறு பெட்டிக்குள் மூன்று முடுக்கமானிகளும் மூன்று ஜைரோஸ்கோப்புகளும் இருக்கின்றன.

இந்த மடலைப் பொதுமக்களும் படிப்பார்கள் என்பதால் அதன் வேலையை எளிதாகச் சொல்கிறேன். சத்திரம் பேருந்து நிலையத்தில் டவுன் பஸ் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டு உட்காருங்கள். வண்டி வேகமெடுக்கும்போது முதுகு இருக்கையில் அழுந்துகிறது. பிரேக் போட்டால் உடல் முன்னே சாய்கிறது. வளைவில் ஒரு பக்கம் ஒதுங்குகிறது. இவற்றை மட்டும் வைத்தே, காவிரிப் பாலம் ஏறியாயிற்று, மாம்பழச்சாலை திரும்பியாயிற்று என்று பழகியவர்கள் சொல்லிவிடுவார்கள். ஐ.எம்.யு. இதையே நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை செய்கிறது. முடுக்கத்தைக் கூட்டி வேகம், வேகத்தைக் கூட்டித் தூரம்.

கூட்டிக்கொண்டே போவதில்தான் ஆபத்து இருக்கிறது. முடுக்கமானி ஒன்றில் புவியீர்ப்பின் ஆயிரத்தில் ஒரு பங்கு நிலையான பிழை இருப்பதாக வைத்துக்கொள்வோம். வேறு உதவி இல்லாவிட்டால் 10 நொடியில் அது அரை மீட்டர் இடப்பிழையாகும். ஒரு நிமிடத்தில் 17 மீட்டரைத் தாண்டும். இருபது மடங்கு நல்ல கருவியாக இருந்தாலும் ஒரு நிமிடத்தில் கிட்டத்தட்ட 90 சென்டிமீட்டர் நழுவும். நேரம் இரட்டித்தால் பிழை நான்கு மடங்காகும். ஆகவே விலையுயர்ந்த கருவி என்ற ஒரே காரணத்துக்காக எந்த அளவையும் நம்பிவிட முடியாது. கடைசியாக எப்போது அதற்கு வெளியிலிருந்து உண்மை சொல்லப்பட்டது என்பதே கேள்வி.

இந்தப் பாடம் பழையது. 1970களில் அமெரிக்க ராணுவத்துக்காக உருவான நிலைமக் கருவியிலிருந்து ‘லிட்டன்’ நிறுவனத்தின் ஆட்டோ சர்வேயர் பிறந்தது. அதை ஜீப்பிலும் ஹெலிகாப்டரிலும் ஏற்றிக் கனடாவின் பரந்த வடபகுதிகளை அளந்தார்கள். அன்று செயற்கைக்கோள் துணை கிடையாது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை வண்டியை நிறுத்துவார்கள். நின்ற வண்டியின் வேகம் பூஜ்யம். கருவி வேறு எதையாவது சொன்னால் அது கருவியின் பிழை. அந்தப் பிழையைக் கணக்கிட்டுக் கழித்துவிட்டுப் புறப்படுவார்கள். 1990களில் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகமும் கால்கரி பல்கலைக்கழகமும் ஜி.பி.எஸ்., நிலைமக் கருவி, கேமரா மூன்றையும் ஒரே வேனில் சேர்த்தன. இன்றைய வண்டிகள் அவற்றின் வழிவந்தவை. சக்கரச் சுழற்சியை எண்ணும் கருவியும் சேர்ந்துகொண்டது. ஆனால் வண்டியை நிறுத்தி உண்மை சொல்லும் அந்தப் பழக்கத்துக்கு இன்றும் மாற்று இல்லை.

இவை எல்லாவற்றையும் ஒன்றாகக் கோப்பது 1960இல் ருடால்ஃப் கால்மன் வெளியிட்ட கணக்குமுறை. உங்கள் மென்பொருளின் அடித்தளமே அதுதான். என் கோரிக்கையின் வேரும் அதில் இருக்கிறது. கால்மன் முறை ஒவ்வொரு கணத்திலும் இரண்டு விடை தருகிறது: வண்டி எங்கே இருக்கிறது என்பது ஒன்று, அந்த விடையை எவ்வளவு நம்பலாம் என்பது இன்னொன்று. சங்கிலிக்கு இந்தத் திறமை கிடையாது. வெயிலில் நீண்ட சங்கிலி, தான் நீண்டுவிட்டதாகச் சொல்லாது. உங்கள் கருவியோ தன் சந்தேகத்தைக் கணக்கிட்டே வைத்திருக்கிறது. அந்தக் கோப்பை அலுவலகத்திலேயே விட்டுவிட்டு அழகான வரைபடத்தை மட்டும் நீங்கள் கொடுத்தால், கருவி சொன்ன உண்மையில் பாதியை மறைத்தவர்களாவீர்கள்.

பிழையை எழுதி வைப்பது நம் தொழிலின் மரபுதான். வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரலில் பரங்கிமலை அருகே ஏழரை மைல் நீள அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்து தென்னிந்தியாவின் முக்கோண அளவையைத் தொடங்கினார். முக்கோணம் முக்கோணமாக மேற்கே போய், 1804இல் பெங்களூர் அருகே இரண்டாவது அடிக்கோட்டைத் தரையில் அளந்தார். கணக்கு சொன்ன நீளத்துக்கும் தரை சொன்ன நீளத்துக்கும் 3.7 அங்குலம் வேறுபாடு. அதை எழுதி வைத்தார். நூறு மைலுக்கு அப்பால் போயும் இவ்வளவுதான் தவறியது என்று தெரிந்ததால்தான், தீபகற்பத்தின் அகலம் பழைய வரைபடங்கள் காட்டியதைவிட 40 மைல் குறைவு என்று அவர் சொன்னபோது அந்தச் சொல்லுக்கு எடை இருந்தது.

அவர் காவிரிச் சமவெளிக்கும் வந்தார். குன்றில்லாத பூமி, எங்கும் தென்னந்தோப்பு. தொலைவு தெரிய வேண்டுமானால் கோயில் கோபுரங்கள்மேல்தான் ஏற வேண்டும். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் அரை டன் எடையுள்ள தியோடலைட்டை மேலே இழுத்தபோது கயிறு அறுந்தது. கருவி மோதி, அதன் மூன்றடி விட்டமுள்ள அளவு வட்டம் வளைந்துபோனது. லாம்டன் ஒரு கூடாரத்துக்குள் அடைந்துகொண்டு, சரியான வட்டத்தைப் பலகையில் வெட்டி, ஆப்பும் திருகும் கொண்டு வளையத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து நிமிர்த்தினார். ஆறு வாரம் ஆயிற்று. அடிபட்ட கருவி அடிபட்ட கருவியாகவே வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. பின்னால் வந்தவர்கள் அதன் அளவுகளை எவ்வளவு நம்பலாம் என்று தாங்களே எடைபோட முடிந்தது.

லாம்டனுக்கு உதவிய கோபுரங்கள் உங்களுக்கு இடைஞ்சல் செய்யும். திருவரங்கத்தில் ஏழு மதில், 21 கோபுரம். 1987இல் நிறைவுபெற்ற ராஜகோபுரத்தின் உயரம் 236 அடி. மதிலை ஒட்டி வண்டி போகும்போது பாதி வானம் மறைந்துவிடும். மீதிப் பாதியிலிருந்து வரும் சிக்னலிலும் சில நேராக வராமல் கல்லில் பட்டுத் திரும்பி வரும். அப்படி வருகிற சிக்னல் கருவியை ஏமாற்றும். இடம் கிடைக்கவில்லை என்று சொல்லாமல் தவறான இடத்தைச் சொல்ல வைக்கும். கோபுர வாசலுக்குள் வானம் முழுக்க அடைபடும். நகரத்திலும் இதே கதைதான். மலைக்கோட்டையைச் சுற்றியுள்ள கடைவீதிகளிலும், என்.எஸ்.பி. ரோட்டிலும், நந்திகோயில் தெருவிலும் 83 மீட்டர் உயரப் பாறை ஒரு பக்கம், நெருக்கமான மாடிகள் மறுபக்கம். இந்த இடங்களில் உங்கள் வண்டி ஓடுவது முழுக்க ஐ.எம்.யு.வின் நினைவில்தான். நெரிசலில் வண்டி நகர்ந்து நகர்ந்து போகும் ஒவ்வொரு நிமிடமும் அந்த நினைவு மங்குகிறது.

ஆனால் திருவரங்கம் இடைஞ்சல் செய்த கையோடு மருந்தையும் தருகிறது. உத்திர வீதிகளைப் பாருங்கள். கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு என நான்கும் சேர்ந்து ஒரு மூடிய நாற்கரம். சித்திரை வீதிகளும் அப்படியே. அடையவளஞ்சான் வீதியும் அப்படியே. தையிலும் சித்திரையிலும் தேர் புறப்பட்ட நிலைக்கே வந்து சேருவதுபோல், உங்கள் வண்டியும் புறப்பட்ட புள்ளிக்கே திரும்ப முடியும். மூடிய டிராவர்ஸைவிட நல்ல சோதனை நம் தொழிலில் ஏது? புறப்பட்டபோது கருவி சொன்ன இடத்துக்கும் திரும்பியபோது சொன்ன இடத்துக்கும் உள்ள வேறுபாடு உங்கள் கையில் கிடைக்கும் நேரடியான சாட்சி.

ஒரு சுற்றோடு நிறுத்தாதீர்கள். எதிர்த்திசையிலும் ஒருமுறை சுற்றுங்கள். திருப்பத்தை அளப்பதில் ஜைரோஸ்கோப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு தவறினால், நான்கு முனையும் ஒரே பக்கமாகத் திரும்பி முடிக்கும்போது திசையில் 0.036 பாகை பிழை சேர்ந்திருக்கும். 300 மீட்டர் நீள வீதியில் அது 19 சென்டிமீட்டர். எதிர்ப்பக்கமாகச் சுற்றினால் இந்தப் பிழை எதிர்க்குறியோடு வரும். இரண்டையும் ஒப்பிட்டால் வெளியே தெரிந்துவிடும். ஒரே திசையில் எத்தனை முறை சுற்றினாலும் அதை மற்றப் பிழைகளிலிருந்து பிரித்தறிவது கடினம்.

எங்கே நிற்பது என்பதையும் யோசித்துத் தேர்ந்தெடுங்கள். காவிரிப் பாலத்தில் வானம் முழுதும் திறந்திருக்கும், செயற்கைக்கோள் நன்றாகக் கிடைக்கும். அதனால் அங்கேயே வண்டியை நிறுத்திப் பூஜ்ய வேகம் பதிவு செய்யத் தோன்றும். அப்படிச் செய்யாதீர்கள். பக்கத்தில் ஒரு பஸ் போனால் பாலத்தின் தளமே அதிரும். நின்ற வண்டியும் அசையும். பாலம் கடந்து கெட்டியான தரையில் நில்லுங்கள். தொடக்கத்தில் வடதிசையைக் கருவி தானே கண்டுபிடிக்க அவகாசம் கொடுங்கள். பூமி மணிக்கு 15 பாகை சுழல்கிறது. திருச்சி நிலநடுக்கோட்டிலிருந்து 11 பாகைக்குள் இருப்பதால் அந்தச் சுழற்சியில் கிட்டத்தட்ட முழுவதும் கிடைத்தளத்தில் வடக்கு நோக்கிக் கிடைக்கிறது. நல்ல ஜைரோஸ்கோப் அதை உணர்ந்து வடக்கைப் பிடித்துவிடும். துருவத்துக்கு அருகில் வேலை செய்பவர்களுக்கு வாய்க்காத வசதி இது. அவசரத்தில் அதை வீணாக்க வேண்டாம்.

உயரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் ஊரில் கிடைமட்ட அளவு தவறினால் இரண்டு குடும்பம் சண்டையிடும். உயர அளவு தவறினால் தெருவே தண்ணீரில் நிற்கும்.

திருவரங்கம் ஒரு தீவு. முக்கொம்பில் பிரியும் காவிரி ஒரு பக்கம், கொள்ளிடம் மறுபக்கம். கொள்ளிடத்தின் படுகை காவிரியின் படுகையைவிடத் தாழ்ந்தது. அதனால்தான் காவிரிக்கு வர வேண்டிய தண்ணீர் கொள்ளிடத்தில் வழிந்தோடாமல் இருக்க ஆர்தர் காட்டன் 1830களில் மேலணை கட்டினார். 2018 ஆகஸ்டில் அந்த அணையின் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டதை நாம் எல்லோரும் பார்த்தோம். இப்படிப்பட்ட மண்ணில் மழைநீர் வடிகால் எந்தப் பக்கம் சரிய வேண்டும், எந்தத் தெரு முதலில் மூழ்கும் என்பதெல்லாம் சில சென்டிமீட்டர்களில் முடிவாகும். ஆயிரத்துக்கு ஒன்று சரிவில் ஓடும் வடிகாலில் 50 மீட்டருக்கு 5 சென்டிமீட்டர்தான் இறக்கம். வண்டியில் எடுத்த உயரத்தில் 5 சென்டிமீட்டர் பிழை இருந்தால், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதையே அந்த வரைபடம் தலைகீழாகக் காட்டலாம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. செயற்கைக்கோள் தரும் உயரம், பூமியைச் சீரான ஒரு நீள்கோளமாகக் கொண்டு கணக்கிட்டது. தண்ணீர் அந்தக் கணக்கின்படி ஓடாது, புவியீர்ப்பின்படி ஓடும். இலங்கைக்குத் தெற்கே கடலில் புவியீர்ப்பின் பெரும்பள்ளம் ஒன்று இருக்கிறது. உலகிலேயே ஆழமானது அதுதான். அதன் விளிம்பில் இருக்கும் நம் பகுதியில் இரண்டு உயரங்களுக்கும் சுமார் 90 மீட்டர் வேறுபாடு. கடல் மட்டத்துக்கு எண்பது மீட்டர் மேலே இருக்கும் திருச்சித் தெருவை, திருத்தம் செய்யாத ஜி.பி.எஸ். பூஜ்யத்துக்குக் கீழே காட்டும். 90 மீட்டர் வேறுபாடு கண்ணுக்குத் தெரிந்துவிடும், யாரும் ஏமாற மாட்டார்கள். திருத்தத்துக்குப் பயன்படுத்திய மாதிரியில் பத்து, இருபது சென்டிமீட்டர் பிழை இருந்தால்தான் யாருக்கும் தெரியாமல் போய்விடும். ஆகவே வடிகாலுக்கும் வெள்ளத்துக்கும் பயன்படப்போகும் எந்த உயரத்தையும், சர்வே ஆஃப் இந்தியாவின் பெஞ்ச் மார்க்கிலிருந்து ஆட்டோ லெவல் வைத்துக் கொண்டுவந்த புள்ளிகளோடு ஒப்பிடாமல் தராதீர்கள். மெதுவான வேலைதான். வேறு வழி இல்லை.

அடுத்து, வண்டி எதைப் பார்க்காது என்பதும் உங்கள் பிழைக் கணக்கில் சேர வேண்டும். வண்டி தெருவைப் பார்க்கும், கொல்லையைப் பார்க்காது. திருவரங்கத்துப் பழைய வீடுகள் குறுகிய முகப்போடு உள்ளே நீண்டு போகின்றன. இரண்டு வீட்டுக்கு ஒரே பொதுச்சுவர். அந்தச் சுவரின் நடுக்கோடு எல்லையா, ஒருவர் பக்கமா என்பது லேசருக்குத் தெரியாது. திண்ணையும் படியும் தெருவுக்குள் நீண்டிருந்தால் லேசர் அதையே வீட்டின் முகமாக எடுத்துக்கொள்ளும். சுவர் இருக்கும் இடம் ஒன்று, நகர நில அளவை (டி.எஸ்.) எண்ணின் எல்லை வேறொன்று. முதலாவதைத்தான் வண்டி அளக்கிறது. வரைபடத்தில் ‘எல்லை’ என்று எழுதுவதற்கு முன் எஃப்.எம்.பி. என்ற புல அளவைப் புத்தகத்தையும் பத்திரத்தையும் எல்லைக் கல்லையும் பார்க்க வேண்டும், இருபக்கத்தாரையும் அழைக்க வேண்டும். 1923ஆம் ஆண்டின் நில அளவை, எல்லைகள் சட்டம் உரிமையாளர்களுக்கு அறிவிப்பும் மேல்முறையீடும் தருவது இதற்காகத்தான். அடிமனை யாருடையது என்று பல ஆண்டுகளாகப் பேசப்பட்டுவரும் ஊரில், ஒரு லேசர்ப் படத்தை உரிமைச் சான்றாக யாராவது கையில் எடுக்க இடம் கொடுத்துவிடக் கூடாது.

இங்கே பழைய ஆவணங்களைப் பற்றியும் நேர்மையாகப் பேச வேண்டும். எஃப்.எம்.பி. ஒரு பெரிய சாதனை. சங்கிலியும் செங்குத்து ஆஃப்செட்டும் மட்டும் வைத்துக்கொண்டு தமிழ்நாட்டின் ஒவ்வொரு புலத்தையும் முக்கோணங்களாகப் பிரித்து வரைந்து வைத்தவர்கள் வெயிலிலும் சேற்றிலும் நடந்த மனிதர்கள். ஆனால் அந்த ஏடுகளில் அளவு மட்டும் இருக்கிறது. அது எவ்வளவு தவறியிருக்கலாம் என்பது இல்லை. அதன் விளைவைத் தாலுகா அலுவலக வாசலில் எந்த நாளும் பார்க்கலாம். பழைய அளவு 30.2 மீட்டர், புதிய அளவு 30.1 மீட்டர், அந்தப் பத்து சென்டிமீட்டரைப் பக்கத்து வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டார் என்று மனு வருகிறது. பழைய சங்கிலியின் பிழைக்குள்ளேயே அடங்கிவிடும் வேறுபாடு அது என்று ஏட்டில் எழுதியிருந்தால் பாதி மனுக்கள் பிறந்திருக்காது. எழுதாததால் அளவுப் பிழைக்கு ஆக்கிரமிப்பு என்று பெயர் வந்தது. அண்ணன் தம்பி பேச்சு நின்றது.

நீங்கள் தரப்போகும் எண்களும் இதே வழியில் போகும். ஆறு மீட்டர் முகப்பும் முப்பது மீட்டர் நீளமும் உள்ள ஒரு மனையை எடுத்துக்கொள்ளுங்கள். இரு அளவிலும் ஐந்து சென்டிமீட்டர் ஐயம் இருந்தால் பரப்பில் சுமார் ஒன்றரைச் சதுர மீட்டர், அதாவது 16 சதுர அடி ஐயம் இருக்கிறது. கணினியோ பரப்பைத் தசமப் புள்ளிக்குப் பிறகு மூன்று இலக்கம் வரை அச்சடிக்கும். அந்த மூன்று இலக்கத்தையும் மக்கள் நம்புவார்கள், வழக்கறிஞர் காட்டுவார், வங்கி கேட்கும். அதன் பக்கத்தில் 'கூடவோ குறையவோ ஒன்றரைச் சதுர மீட்டர்' என்ற ஒரு வரி இருந்தால், இரண்டு அண்டை வீட்டார் நீதிமன்றம் போகாமல் திண்ணையிலேயே பேசி முடிக்க வழி பிறக்கும்.

மென்பொருள் தானாகத் தரும் பிழைமதிப்பை மட்டும் நகலெடுத்துவிட்டால் போதும் என்று நான் சொல்லவில்லை. ஏமாற்றும் சிக்னலை அது நல்ல சிக்னலாக எடுத்துக்கொண்டிருந்தால் அதன் நம்பிக்கையும் பொய்யாகத்தான் இருக்கும். ஆண்டெனாவுக்கும் ஐ.எம்.யு.வுக்கும் உள்ள தூரத்தைப் பொருத்தும்போது தவறாக அளந்திருந்தால், அந்தத் தவறு ஒவ்வொரு திருப்பத்திலும் வரும். லேசர் பொருத்தப்பட்ட கோணம் 0.1 பாகை தவறினால் 30 மீட்டர் தள்ளியிருக்கும் சுவர் 5 சென்டிமீட்டர் நகரும். இவற்றை வெளியிலிருந்து வரும் சாட்சிதான் பிடிக்கும். ஆகவே வண்டி வருவதற்கு முன்பே தெருக்களில் டோட்டல் ஸ்டேஷனாலும் நிலையாக வைத்த டி.ஜி.பி.எஸ்.ஸாலும் சோதனைப் புள்ளிகளை அளந்து வையுங்கள். அவற்றில் ஒரு பகுதியைக் கணக்கில் சேர்க்காமல் தனியே மறைத்து வையுங்கள். வேலை முடிந்தபின் அந்தப் புள்ளிகளில் வண்டியின் விடை எவ்வளவு விலகுகிறது என்று பாருங்கள். அதுதான் நீங்கள் எழுத வேண்டிய பிழை. கோபுரத்தடியிலும் சந்திலும் புள்ளி வைக்காமல், வானம் திறந்த மாம்பழச்சாலையில் மட்டும் வைத்துச் சோதித்தால் அது சோதனையாகாது. கடினமான இடத்தில்தான் சோதிக்க வேண்டும்.

அந்தப் புள்ளிகள் பெயிண்டாக மட்டும் இருந்து அடுத்த மழையில் போய்விடக் கூடாது. நம் கோயில்கள் பலவற்றின் சுவரில், அக்காலத்தில் நிலம் அளந்த கோலின் நீளத்தை வெட்டி வைத்திருக்கிறார்கள். அளப்பவர் கையில் இருக்கும் கோல் சரியா என்று ஊரார் எவரும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அந்தப் பொதுமை இன்றைக்கும் வேண்டும். மாநகராட்சியும் நில அளவைத் துறையும் சேர்ந்து, காவிரியின் இரு கரையிலும் கொள்ளிடக் கரையிலும் வீதி முனைகளிலும் நிலையான அளவைப் புள்ளிகளைப் பதிக்க வேண்டும். ஒவ்வொன்றின் இடத்தையும் உயரத்தையும் பிழையையும் எவரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். அதை அவர்களிடம் கேட்க வேண்டியது நான் மட்டுமல்ல. நீங்கள் கேட்டால் எடை அதிகம். ஒப்பந்தத்தில் ‘சென்டிமீட்டர் துல்லியம்’ என்ற சொல்லோடு நிறுத்தாமல், எந்தப் புள்ளிகளில், எந்தச் சோதனையின்படி என்று எழுதச் சொல்லுங்கள். வண்டி பதிவு செய்த மூலத் தரவை அழிக்காமல் வைக்கச் சொல்லுங்கள். இருபது ஆண்டு கழித்து ஒரு வழக்கு வந்தால், அன்றைய மென்பொருளில் அதை மீண்டும் கணக்கிட்டுப் பார்க்கும் வாய்ப்பு அந்தக் குடும்பத்துக்கு இருக்க வேண்டும்.

அளக்கப்படும் மக்களை மறந்துவிடாதீர்கள். உங்கள் கேமரா சுவரோடு சேர்த்துத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டியையும் வாசலில் கோலம் போடும் பெண்ணையும் எடுக்கிறது. முகங்களை மறைத்த பிறகே படம் அலுவலகத்தை விட்டு வெளியே போக வேண்டும். எந்த நாளில் எந்த வீதிக்கு வருகிறீர்கள், எதற்காக அளக்கிறீர்கள் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். தேர் நாளிலும் வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்திலும் வராதீர்கள். விடியற்காலையில் வந்தால் நெரிசலும் இருக்காது, வண்டியும் தேங்காமல் ஓடும். யாராவது அருகில் வந்து "இது என்ன தம்பி?" என்று கேட்டால், நின்று விளக்குங்கள். தன் வாசல் எப்படி அளக்கப்பட்டது என்று தெரிந்துகொண்டவர் நாளைக்கு அந்த வரைபடத்தை நம்புவார்.

பிழையை எழுதினால் வேலையில் குறை இருப்பதாக மேலதிகாரி நினைப்பாரோ, ஒப்பந்தம் கைவிட்டுப் போகுமோ என்ற அச்சம் உங்களில் பலருக்கு இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதிகாரிகளிடம் நான் இந்த மடல் வழியாகவே சொல்கிறேன்: ஐந்து சென்டிமீட்டர் பிழை என்று எழுதித் தருபவரின் வரைபடத்தை வாங்குங்கள். பிழையே இல்லை என்பவரின் வரைபடத்தைத் திருப்பி அனுப்புங்கள். முதலாவது எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது என்று உங்களுக்குத் தெரியும். அதை வைத்துத் தெரு அகலத்தை முடிவு செய்யலாம், வடிகால் சரிவுக்கு லெவல் வைக்கச் சொல்லலாம். இரண்டாவதை எதற்கு நம்புவது என்பது யாருக்கும் தெரியாது.

உங்களுக்கு நான் சொல்வதும் அதுவே. எங்கள் தலைமுறையிடம் இருந்த கருவிகளால் பிழையைப் பெரும்பாலும் ஊகிக்கத்தான் முடிந்தது. உங்கள் கருவியால் அதைக் கணக்கிடவும், சோதிக்கவும், எழுதிக் கையெழுத்திடவும் முடியும். அடுத்த முறை திருவரங்கத்து வீதி ஒன்றின் வரைபடத்தை ஒப்படைக்கும்போது பிழைக்கென்று ஒரு பத்தி சேர்த்து ஒப்படையுங்கள். அப்படி ஒன்றை யாரும் கேட்கவில்லை என்றாலும் சேருங்கள். இரண்டாவது வரைபடத்திலும் சேருங்கள். அது துறையின் வழக்கமாகும்வரை சேர்த்துக்கொண்டே இருங்கள்.

அன்புடன்,
உங்கள் தொழிலில் மூத்தவன் ஒருவன்,
திருவரங்கம்.